பழைய ஸ்ப்ளெண்டரில் தினமும் வேலைக்குப் போக: எதை முதலில் சரிசெய்வது?

வீட்டு ஓரத்தில் கவர் போட்டு நிற்கிற அப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை எடுத்து வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகப் போகலாம். 1994-ல் வந்த மாடல் இது. 97.2 சிசி, கார்புரேட்டர், நாலு கியர். ஸ்பேர் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், பிரிக்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை.

ஆனால் பழைய வண்டி கைக்கு வந்ததும் பலரும் எஞ்சினில்தான் கை வைக்கிறார்கள். போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் மாற்றி, டேங்குக்குப் பெயிண்ட் அடித்து, கடைசியில் அதே வழுக்கை டயரோடு சென்னையின் ஜிஎஸ்டி ரோட்டில் இறங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழ். முதலில் காகிதம், பிறகு டயரும் பிரேக்கும், பிறகு வழியில் கழுத்தறுக்கிற சின்னச் சாமான்கள், எஞ்சின் கடைசி.

1. ஆர்சி புக்கைத் திறந்து பாருங்கள்

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன்பிறகு ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊரில் இதை 'எஃப்சி காட்டுவது' என்பார்கள். வண்டியின் வயது ஏற ஏற கட்டணமும் ஏறும், பசுமை வரியும் உண்டு. கணக்கைக் கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? விலைக்கு வாங்கியது என்றால் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. என்றோ கட்டி முடித்த பைனான்ஸ் கடன் ஆர்சியில் இன்னும் உட்கார்ந்திருக்கும். அதை நீக்க படிவம் 35-ம் பைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இன்சூரன்ஸ் குறைந்தது தேர்ட் பார்ட்டியாவது இருக்கவேண்டும். 2022-ல் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சிசி வரை வருஷத்துக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. புகைச் சான்று இந்த வயது வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும்.

2. டயரும் பிரேக்கும்

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. அதைப் படித்துவிட்டு, பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. வெயிலில் நின்ற வண்டியில் இது சர்வசாதாரணம். மழைத் தரையில் அந்த டயர் பிடிக்காது. மாற்றும்போது டியூபையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். காற்று முன்னால் 25 பிஎஸ்ஐ, தனியாகப் போனால் பின்னால் 28. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கூட்ட வேண்டும்.

அடுத்தது டிரம் பிரேக். பின் பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பிரேக் கம்பி மாட்டியிருக்கும் லீவரின் அடியில் ஒரு சின்ன அம்புக்குறி, டிரம் மூடியில் ஒரு அடையாளம். மிதித்த நிலையில் அம்பு அந்த அடையாளத்துக்கு வந்துவிட்டால் ஷூ (டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் கட்டை) தீர்ந்தது என்று அர்த்தம். முன் சக்கரத்திலும் இதே சோதனைதான். சில இடங்களில் ஷூ மாற்றாமல் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். பிடிப்பதுபோல் இருக்கும். உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. நல்ல கம்பெனி ஷூ ஒரு ஜோடி பெரிய செலவில்லை. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் சைடு பாக்ஸ், மட்கார்டு, கிராப் ரெயில் எல்லாம் பழையதாகவே தேடி வாங்கலாம், தவறில்லை. பிரேக் ஷூவையும் கேபிளையும் மட்டும் பழையதில் வாங்காதீர்கள்.

3. ஹேண்டில் பார் சோதனை

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் 'டக் டக்' என்று தட்டினால் கோன் செட் (ஹேண்டில் பார் திரும்பும் இடத்து பேரிங்) லூஸ். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஹேண்டில் பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் தேய்ந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இதைச் சரிசெய்யாமல் 'வண்டி ஒரு பக்கம் இழுக்குது' என்று ஃபோர்க்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

4. கேபிளும் செயினும்

பழைய வண்டி பெரும்பாலும் எஞ்சின் போய் நிற்பதில்லை, கிளட்ச் கேபிள் அறுந்துதான் நிற்கும். கிளட்ச் லீவரை முழுக்க இழுத்து, கேபிள் நுனியின் குண்டு மாட்டியிருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இழை பிரிந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றே மாற்றுங்கள். பிரியாணி டெலிவரிக்கு ஓட்டுபவர்களிடம் பார்த்த ஒரு தந்திரம் எனக்குப் பிடிக்கும்: புதுக் கேபிள் ஒன்றை ஓடுகிற கேபிளின் கூடவே ஓட்டி டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கவேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும்.

செயின் கவருக்குள் இருப்பதால் மறந்துபோகும். கவரின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் தள்ளுங்கள். சுமார் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் சரி. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது; சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் இறுக்கமும் இன்னோரிடத்தில் தொளதொளப்பும் இருந்தால் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும்.

5. பெட்ரோல் போகும் வழி

இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் வரை இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவும் விறைக்கவும் வைக்கும். அதனால் ஓட்டத் தொடங்கும் முன்பே பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் அடிக்கிண்ண வாஷர், பெட்ரோல் காக் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) ரப்பர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பல மாதம் நின்ற வண்டி என்றால் டேங்கில் இருப்பதை முழுக்க வடித்து, டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

பெட்ரோல் காக் பழக்கமும் வரவேண்டும். இரவில் மூடுங்கள். ஓடும்போது திணறினால் இடதுகையால் தடவி ரிசர்வுக்குத் திருப்ப, நின்ற வண்டியில் நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள். பங்கில் பெட்ரோல் போட்டதும் மறக்காமல் ஆன் நிலைக்குத் திருப்பவேண்டும். ரிசர்விலேயே ஓட்டினால் அடுத்தமுறை எச்சரிக்கை இல்லாமல் நிற்கும்.

6. இப்போது எஞ்சின்

ஆயில் 10டபிள்யூ-30, டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று போட்டிருக்கவேண்டும். மிச்சமிருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றாதீர்கள், இதில் கிளட்ச் ஆயிலுக்குள்தான் முழுகியிருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி, அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி வடித்து, புதிய ஆயில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்து, சென்டர் ஸ்டாண்டில் வைத்தபடி டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் சொருகிப் பார்க்கவேண்டும், திருகக்கூடாது. திருகினால் அளவு அதிகமாகக் காட்டும். பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், ஆகவே வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஏர் ஃபில்டர் நுரைப் பஞ்சு என்றால் கழுவிக் காயவைத்து லேசாக ஆயில் பூசிப் போடலாம். பேப்பர் என்றால் மாற்ற வேண்டியதுதான். பிளக் ஒன்று புதியது போட்டு, பழையதைப் பையில் வையுங்கள். டேப்பட் (வால்வை அழுத்தும் பாகம்) லேசாக 'டிக் டிக்' என்றால் கவலை வேண்டாம். சத்தமே கேட்கக்கூடாது என்று இறுக்கச் சொன்னால் வால்வுதான் எரியும்.

இத்தனைக்கும் பிறகு சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் மட்டும் போர், ரிங், வால்வு சீல் பற்றிப் பேசுங்கள்.

7. லைட், ஹாரன்

கிக்கர் மட்டும் உள்ள பழைய மாடலில் ஹெட்லைட் நேராக மேக்னெட்டோவில் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தருவது) எரிவதால் ஐட்லிங்கில் மங்கும். அது கோளாறு இல்லை. ஹாரனும் இண்டிகேட்டரும் மங்கினால் பேட்டரியைப் பாருங்கள்.

8. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை, பிறகு மழைக்காலம்

திங்கட்கிழமை நேராக வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு ஞாயிறு அதே வழியில் போய்வந்து, நிறுத்தியதும் இரண்டு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் உரசுகிறது. வண்டி நின்ற இடத்தில் மறுநாள் காலை சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பையில் பிளக் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஒரு ஃபியூஸ் போதும்.

மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மூன்று பிரேக் ஏமாற்றும். தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். ஆழமான தண்ணீரில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் கிக் அடிக்கவே கூடாது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டர் அடி ஸ்குரூவைத் திறந்து வடித்துவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றும்வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.