நிற்கும் ரயில் பெட்டி எந்த வகை என்று கண்டறிவது எப்படி?

இந்திய அகலப் பாதையின் நெடுந்தூர வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டிகளையே காண்கிறோம். ஒன்று, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் நுட்ப உதவியுடன் சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையின் பழைய வடிவமைப்பு. மற்றொன்று, ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. (லிங்கே-ஹாஃப்மன்-புஷ்) வடிவமைப்பு. பெரம்பூரிலேயே இப்போது எல்.எச்.பி. பெட்டிகளும் கட்டப்படுவதால், தொழிற்சாலையின் பெயரை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது. வண்ணத்தையும் நம்ப வேண்டாம். பழைய பெட்டிகள் பலவற்றுக்குப் புதிய வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

முதலில், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தை நடைமேடையில் பாதுகாப்பான தொலைவில் நின்று பாருங்கள். இருபுறமும் வட்டத் தட்டுகளுடன் பஃபர்கள் (அதிர்வு தாங்கிகள்) ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதும், நடுவில் கொக்கியில் மாட்டித் திருகி இறுக்கிய கப்ளிங் (இணைப்பு) இருப்பதும் தெரிந்தால் அது பழைய ஐ.சி.எஃப். வடிவமைப்பு. எல்.எச்.பி. பெட்டிகளில் பக்கப் பஃபர்கள் இருப்பதில்லை. மடக்கிய இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியதுபோல் நடுவில் ஒரே கப்ளர் பூட்டிக்கொண்டிருக்கும். மோதல் நேரும்போது ஒரு பெட்டி மற்றொன்றின் மேல் ஏறிவிடாமல் தடுப்பதில் இந்தப் பூட்டுக்குப் பெரும் பங்குண்டு என்பதால், எல்லா அடையாளங்களிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அடுத்தது போகி. பேச்சுவழக்கில் பெட்டியையே போகி என்கிறோம். ஆனால் பணிமனை வழக்கில், அச்சுகளையும் வில்களையும் தாங்கிப் பெட்டிக்கு அடியில் இருக்கும் சட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். உயரமான நடைமேடை அதை மறைத்துவிடும் என்பதால், இடைவெளி விட்டு எதிர்ப்புறத் தடத்தில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். ஐ.சி.எஃப். போகியில் அச்சுப்பெட்டியின் (அச்சுமுனையைத் தாங்கும் கூட்டின்) இருபக்கமும் ஒவ்வொரு சுருள்வில் நிற்கும்; எல்.எச்.பி. போகியில் சுருள்வில் அச்சுமுனைக்கு மேலேயே அமர்ந்திருக்கும். பிரேக்கும் வேறு: முன்னதில் கட்டைகள் சக்கரத்தின் ஓடுபரப்பையே அழுத்துகின்றன, பின்னதில் அச்சில் பொருத்திய வட்டத்தட்டுகளைப் பிடிக்கின்றன.

பெட்டியின் பக்கவாட்டில் எழுதியுள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பொதுவாகக் கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். பெரம்பூர் 2018 ஜனவரியில் பழைய வடிவமைப்பின் கடைசிப் பெட்டியை அனுப்பிவிட்டதால், 19 முதல் நடப்பு ஆண்டு வரையிலான இலக்கங்கள் இருந்தால் எல்.எச்.பி. என்று கொள்ளலாம்.

நிலையத்துக்குப் போகும் முன்பே அறிய வேண்டுமானால் டிக்கெட்டைப் பாருங்கள். பழைய பெட்டியின் உடல் ஏறத்தாழ 21.3 மீட்டர், எல்.எச்.பி.யின் உடல் 23.5 மீட்டர். கூடுதலான இந்த நீளத்தில் எட்டுப் படுக்கைகள் கொண்ட இன்னொரு பகுதி அடங்குவதால், சாதாரண ஸ்லீப்பரில் 72 ஆக இருந்த படுக்கைகள் 80 ஆகியுள்ளன. ஆகவே உங்கள் ஸ்லீப்பர் படுக்கை எண் 77 என்று இருந்தால், நீங்கள் ஏறப்போவது எல்.எச்.பி. பெட்டி.