பரணில் கிடந்த படத்துக்குக் காலம் கணிப்பது எப்படி

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் புகைப்படங்களுக்குக் காலம் கணிக்க முற்படுபவர், வீட்டார் சொல்லும் ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் படம் தரும் சாட்சியத்தைக் கேட்ட பிறகே அதை ஏற்க வேண்டும்.

முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இப்பகுதி மலையாள நிர்வாகத்தின்கீழ் இருந்தமையால், பின்புறக் குறிப்பு மலையாளத்திலும் ஆண்டு கொல்லம் கணக்கிலும் இருக்கக்கூடும். ‘1108’ என்று கண்டு திகைக்க வேண்டாம். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், ஆவணியில் பிறப்பதால், அன்றுமுதல் டிசம்பர்வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; 1108 என்பது 1932 அல்லது 1933. கேரளத்தார் இன்றும் பேசும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ கொல்லம் 1099-இல், அதாவது 1924-இல் வந்ததுதான்.

அடுத்தது தாள். மிக மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி, வெளிர்ப்பகுதி மஞ்சளித்து, நிழல் செம்பழுப்பாகத் தெரிந்தால், அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமன் தாளாகவும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்ததாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். சாய்த்துப் பார்க்கும்போது கரிய பகுதிகளில் கண்ணாடிபோல் நீலவெள்ளி மினுக்கம் தென்பட்டால், பிற்காலத்து ஜெலட்டின் தாள்.

படத்துக்குள் இருக்கும் கட்டடங்களே அதிகம் பேசும். வரிசையாக அடுக்கிய மங்களூர் ஓடு தெரிந்தால், பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய 1865-க்கு முந்தைய படமாக அது இருக்க முடியாது. ஓலைக்கூரையோ நாட்டு ஓடோ மட்டும் தெரிவதால் படம் அதற்கும் பழையது என்று முடிவு கட்டுவதும் தவறு, ஏனெனில் அவை வெகுகாலம் நீடித்தன. செங்கோட்டைப் பக்கத்துப் படமென்றால், கொல்லத்துக்குப் போகும் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டதை நினைவில் வையுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரைப் படத்துக்கு அடையாளம் மிக எளிது: விவேகானந்தர் பாறை மண்டபம் 1970-இலும், வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-லும் திறக்கப்பட்டன. ‘1965’ என்று என் மாமா தம் கையாலேயே எழுதிவைத்த படமொன்றில் பாறைமேல் மண்டபம் முழுதாக நிற்கிறது.

நிறத்தை நம்பிவிடாதீர்கள். பழைய தகடுகளும் பிலிம்களும் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் வாங்கியதால், குங்குமமும் அரக்குப் புடவையும் கருப்பாகவும், நீலவானம் வெறும் வெள்ளையாகவும் பதிந்தன. கல்யாணப் பெண்ணுக்குக் கருப்புப் புடவையா என்று எங்கள் சித்தி ஒரு படத்தைப் பார்க்கும்போதெல்லாம் குறைபட்டுக்கொள்வார். அந்தப் புடவையின் கிழிந்த துண்டு பெட்டியடியில் அகப்பட்ட பிறகுதான் அது அரக்கு என்று ஒப்புக்கொண்டார்.

கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். கடைப் பலகையின் எழுத்து இதைக் காட்டிக்கொடுக்கும். எழுத்து இல்லாவிட்டால் பூணூலைப் பாருங்கள். அது வலத்தோளிலிருந்து இறங்கினால், பிதிர்க் காரியத்தின்போது எடுத்த படமா, புரண்ட படமா என்று விசாரிக்க வேண்டும்.

சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். இரு பருவமழையும் பெய்யும் இந்த ஈரத்தில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் விரைவில் வந்துவிடும் என்பதால், செலோடேப்பையும் ரப்பர் வளையத்தையும் நீக்கி, ஒவ்வொன்றையும் அமிலமற்ற தாளில் தனியே சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். நீங்கள் கணித்த ஆண்டையும் அதற்கான காரணத்தையும் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பழைய குறிப்பு பிழையானாலும் அதை அழிக்க வேண்டாம்.