70 வயதுக்கு மேல் சினைப்பைப் புற்றுநோய்: சிகிச்சையை எப்படி முடிவு செய்வது

கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்காக வருபவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். கூட வரும் பிள்ளைகள் முதலில் என்னிடம் கேட்பது, "இந்த வயசுல அம்மா இதெல்லாம் தாங்குவாங்களா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் பிறந்த தேதியை மட்டும் பார்த்து யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 78 வயதில் ஆறு சுற்று கீமோவையும் முடித்தவர்கள் உண்டு, 66 வயதில் இரண்டாவது சுற்றிலேயே தளர்ந்தவர்களும் உண்டு.

அதனால் மருந்தைப் பற்றிப் பேசும் முன், முதியோர் உடல்நல மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஜி8 என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். 17 மதிப்பெண்ணுக்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும்: தானாகக் குளிக்கிறாரா, மாத்திரையைத் தானே பார்த்து எடுக்கிறாரா, சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, எடை குறைந்ததா, ஞாபகம் எப்படி, மனம் சோர்ந்திருக்கிறதா, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு. வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இங்கே நீங்கள்தான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்பு அம்மா எப்படி இருந்தார்? டாக்டர் பார்ப்பது வயிற்றில் நீர் கோத்து, சாப்பிட முடியாமல், சக்கர நாற்காலியில் வந்திருக்கும் ஒருவரை. போன மாதம்வரை படியேறி மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர் என்பது அவருக்குத் தெரியாது. முதுமையால் வந்த தளர்ச்சி வேறு, நோயால் வந்த தளர்ச்சி வேறு. இரண்டாவது வகை பல பேருக்கு நீரை எடுத்து, கீமோ வேலை செய்யத் தொடங்கியதும் குறைகிறது. இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்தது அறுவை சிகிச்சையா, கீமோவா, எது முதலில் என்பது. உடல் தாங்கும், கட்டியை முழுவதும் எடுத்துவிடலாம் என்றால் முதலில் அறுவை. இல்லையென்றால் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்து நோயை உறுதி செய்துவிட்டு, பெரும்பாலும் மூன்று சுற்று கீமோ, பிறகு அறுவை, மறுபடி மூன்று சுற்று. பெரிய அறுவையைத் தாங்குவார்களா என்ற சந்தேகம் இருக்கும் வயதானவர்களுக்கு இந்த வழி பலமுறை பொருந்துகிறது. எதுவானாலும், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் செய்வது முக்கியம். அறுவை முடிந்ததும் கண்ணாடியையும் காது மெஷினையும் உடனே மாட்டிவிடுங்கள். மயக்கம் தெளிந்ததும் எதுவும் காதில் விழாமல், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் வயதானவர்கள் சீக்கிரம் குழம்பிப்போகிறார்கள்.

கீமோவில் வழக்கமானது கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை. "லேசா ஏதாவது ஒண்ணு மட்டும் குடுங்களேன்" என்று பிள்ளைகள் கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் 2021ல் வெளியான ஈவாக்-1 ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் தளர்ந்த 120 பெண்களை வைத்துச் செய்தது. கார்போபிளாட்டின் மட்டும் பெற்றவர்கள், இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களைவிட மிகக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே ஒரே மருந்து என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். இரண்டையும் குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுக்கும் முறையும் உண்டு. பக்கவிளைவு குறைவு என்பதால் சிலருக்கு அதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கார்போபிளாட்டின் அளவைச் சிறுநீரகத்தின் வேலையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒல்லியான வயதான பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கழிவுப் பொருள்) நார்மல் என்று ரிப்போர்ட்டில் வந்துவிடும். இந்தக் கணக்கில் எடையும் சேரும், அதனால் பழைய எடையை எழுதிக்கொள்ளாமல் அன்றன்று எடை பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். திடீரென்று குழப்பமாகப் பேசினாலும் அதே அவசரம்தான். பாக்ளிடாக்சலால் கை கால் மரத்துப்போகும். ரவிக்கைக் கொக்கி போட முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், முடியவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் விழுவார்கள், எனவே பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். வாந்தியோடு காற்றும் மலமும் சுத்தமாகப் போகவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம், மலமிளக்கி கொடுக்காமல் உடனே கூட்டி வாருங்கள்.

பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையை வயதைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். அதில் மாற்றம் இருந்தால் கீமோவுக்குப் பிறகு ஒலாபரிப், நிராபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாகப் பலன் தருகின்றன. அந்த மாற்றம் குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்பதால் மகள், சகோதரி, மகன் எல்லோருக்கும் அந்த முடிவு பயன்படும். நிராபரிப் என்றால் 77 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தினம் 200 மில்லிகிராமில் தொடங்குவார்கள், முதல் மாதம் வாராவாரம் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இத்தனையும் அம்மாவிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நோயின் பெயரையே மறைத்துவிட்டு, நான் ஊசி போடும்போது கண் ஜாடை காட்டும் பிள்ளைகள் உண்டு. அநேகமாக அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எது முக்கியம் என்று கேளுங்கள்: கூடுதல் நாட்களா, மருத்துவமனை வராமல் வீட்டில் இருப்பதா, குறிப்பிட்ட ஒரு நாள்வரை தெம்பா? பதிலை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவையும் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். கீமோ நடக்கும்போதே வலி, வாந்தி, வயிற்று நீர் எல்லாவற்றையும் அவர்கள் கவனிப்பார்கள். நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து வீட்டிலேயே எடுக்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.