எரிமலைப் பதிவைப் படிக்கப் பழக: கிருஷ்ணகிரிப் பாறையில் ஓர் அதிர்வுமானி

எரிமலையைக் கண்காணிக்கும் கருவிகளில் முதலிடம் நில அதிர்வுமானிக்குத்தான். அது வரையும் கோட்டைப் படிக்கப் பழகுவதற்கு, அந்தமான் கடலின் பேரன் (Barren) தீவு எரிமலை வரை போக வேண்டியதில்லை. எரிமலை நிலையத்தில் கடினமான வேலை எந்தத் துடிப்பு எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது. குவாரி வெடி, கிரஷர், நெடுஞ்சாலை லாரி எல்லாம் ஒன்றாகப் பதிவாகும் கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம் அந்தப் பயிற்சிக்குத் தோதான இடம்.

தேவையானவை: 4.5 ஹெர்ட்ஸ் செங்குத்து ஜியோபோன், எச்எக்ஸ் 711 பலகை (சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக மாற்றுவது), ஆர்டுயினோ ஊனோ (அந்த எண்களை வாங்கிக் கணினிக்கு அனுப்பும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), ஒரு பழைய மடிக்கணினி, 10 கிலோஓம் மின்தடை இரண்டு, 1 கிலோஓம் ஒன்று. ஜியோபோனுக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருளும் காந்தமும் இருக்கும். தரை அசையும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1 கிலோஓம் தடையைச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டுக்குச் சுருள் பலமுறை ஆடி, இல்லாத அலையைக் காட்டும்.

இரண்டு 10 கிலோஓம் தடைகளையும் எச்எக்ஸ் 711 பலகையின் ஈ பிளஸ், ஈ மைனஸ் முனைகளுக்கு இடையே தொடராக இணைத்து, நடுப்புள்ளியை ஏ மைனஸில் கொடுங்கள். சுருளை ஏ மைனஸுக்கும் ஏ பிளஸுக்கும் இடையே மாட்டுங்கள். நடு மின்னழுத்தம் கொடுக்காமல் சுருளை நேரே மாட்டினால் எண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பலர் கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பலகை பொதுவாக நொடிக்கு 10 மாதிரிதான் (அளவீடுதான்) எடுக்கும், அது போதாது. பலகையிலுள்ள சில்லின் 15ஆம் காலை மின்சுற்றின் தரை (கிரவுண்ட்) இணைப்பிலிருந்து பிரித்து, பக்கத்திலுள்ள 16ஆம் காலோடு பற்றவைத்தால் 80 கிடைக்கும். கூடவே ஒரு வினையும் வரும். 10 மாதிரியில் சில்லே வடிகட்டிக்கொண்டிருந்த 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல், 80 மாதிரியில் 30 ஹெர்ட்ஸ் அலையாக வேடம் போட்டு வந்து நிற்கும். ஜியோபோன் கம்பியை முறுக்கிய இணையாக, 2 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன நேரத்தில் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது 30 ஹெர்ட்ஸ் கோடு மறைந்தால் அது மின்கம்பியின் வேலை என்று உறுதியாகிவிடும்.

இடத் தேர்வில் அவசரம் வேண்டாம். வெளியே தெரியும் நைஸ் (பட்டை பட்டையான கடினப் பாறை) இங்கே பஞ்சமில்லை. உருண்டு கிடக்கும் கல்லை விட்டுவிட்டு, தரையோடு ஒன்றிய பாறையாகப் பாருங்கள். 44ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். புளியமரம், தென்னை அருகே வேண்டாம். காற்றில் மரம் ஆடினால் வேர் வழியே பாறையும் ஆடும். பாறையைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, சிமெண்டில் ஒரு டைல் துண்டைப் பதித்து, ரசமட்டம் பார்த்து ஜியோபோனை ஒட்டுங்கள். மேலே 6 அங்குல பிவிசி குழாயும் மூடியும் போட்டு, உள்ளே தெர்மோகோல் வையுங்கள். கம்பி நுழையும் துளையை சிலிக்கானால் அடைக்காவிட்டால் எறும்பு குடியேறிவிடும். கோடை இடி மழைக்கு முன் கம்பியைக் கழற்றுவது நல்லது.

முதல் பதிவுகளில் அதிகம் தெரிவது குவாரி வெடியாகத்தான் இருக்கும். பகலில் வரும். வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுவதால் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும். நிலநடுக்கத்தில் நிலையத்துக்கு நிலையம் மேலும் கீழுமாக மாறும். வெடியில் எஸ் அலை (முதலில் வரும் பி அலைக்கு அடுத்து வருவது) மங்கலாகவும் பின்னால் வரும் மேற்பரப்பு அலை தடிமனாகவும் இருக்கும். 5 கிலோமீட்டரில் வெடித்திருந்தால் சுமார் 15 நொடி கழித்து ஒரு கூரிய துடிப்பு தனியே தெரியும். அது காற்றில் வந்த சத்தம். எரிமலை வெடிப்பையும் நிலையங்கள் இந்த இரட்டைத் தடத்தை வைத்து அடையாளம் காண்கின்றன. ஆர்வத்தில் வெடி நேரத்தில் குவாரிப் பக்கம் போய்விடாதீர்கள். நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

கிரஷர் ஓடும்போது மணிக்கணக்கில் நடுங்கும் கோட்டை, எரிமலை நடுக்கத்தோடு வைத்துப் பாருங்கள். கிரஷரின் அதிர்வெண் பெரிதாக மாறாது, சாப்பாட்டு வேளையில் சட்டென்று நிற்கும். எரிமலை நடுக்கம் பெரும்பாலும் 1 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள். சிலநேரம் அதன் அதிர்வெண் மெல்ல மேலோ கீழோ வழுகும். பாறை உடைவதால் வரும் எரிமலை அதிர்வு இரண்டிலிருந்தும் வேறு: பி, எஸ் இரண்டும் தெளிவாக, 5 ஹெர்ட்ஸுக்கு மேலும் வலுவாக இருக்கும். மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) பாறையைப் பிளந்து வழி தேடும்போது இது கூட்டமாக வரும். அப்படிப் பிளந்த வழியில் மாக்மா உறைந்தால் என்ன ஆகும் என்பதை இங்கேயே கையால் தொடலாம். நைஸை வெட்டிக்கொண்டு நீளமாக ஓடும் கறுப்பு டோலரைட் சுவர்கள் அவைதாம்.

அடுத்து தினசரிக் கணக்கு. 10 நிமிடத்துக்கு 48,000 மாதிரி. அவற்றின் சராசரியைக் கழித்து, மிச்சத்தின் பிளஸ், மைனஸ் குறியை நீக்கி, மறுபடி சராசரி எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். 1991இல் பினாட்டுபோ வெடிப்புக்கு முன் இவ்வகைச் சராசரியையும் பார்த்தே அதிர்வின் ஏற்றத்தைத் தொடர்ந்தார்கள். முதலில் சராசரியைக் கழிக்க மறந்தால், வெயிலில் எச்எக்ஸ் 711இன் பூஜ்யம் நகர்வது நண்பகல் ஏற்றமாகத் தெரியும். 30 நாள் வரைந்து பாருங்கள்: இரவு, பகல், ஞாயிறு, சந்தை நாள் தனித்தனியே தெரியும். அந்த வழக்கமான அளவு கைக்கு வராதவரை எந்த ஏற்றத்தையும் செய்தியாக எடுக்க வேண்டாம்.

தூரத்துக்கு, பி வந்ததற்கும் எஸ் வந்ததற்கும் உள்ள நொடி இடைவெளியை 8ஆல் பெருக்குங்கள். தோராயமான கிலோமீட்டர் கிடைக்கும். திசை கிடைக்காது. ஒரு நிகழ்வின் இடத்துக்கு இரண்டு எண் (அட்சரேகை, தீர்க்கரேகை), ஆழம், நேரம் என்று தெரியாதவை நான்கு; ஆகவே ஓசூர், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று இன்னும் மூன்று நிலையமாவது வேண்டும். நான்கின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். பி அலை நொடிக்கு 6 கிலோமீட்டர் போகிறது, கடிகாரம் 0.1 நொடி பிசகினால் 600 மீட்டர் பிழை. டிஎஸ் 3231 போன்ற நல்ல கடிகாரச் சில்லே ஒரு நாளில் 0.17 நொடி வரை தவறலாம். ஆகவே இணைய நேரத்தோடு மணிக்கொருமுறை சரிபார்த்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகியிருந்தது என்பதையும் பதிவிலேயே எழுதிவையுங்கள்.