கோல்காப்பாளரிடம் முதலில் பேசுங்கள்

திருகோணமலையில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கால்பந்து பயிற்றுவிக்கிறேன். புதிதாக அணியைப் பொறுப்பேற்பவர்கள் முதல் வாரம் அதிகம் பேச வேண்டாம். யார் யாருடன் தேநீர் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் அணியில் முன்களத்தாருக்கு ஒரு மேசை, பின்களத்தாருக்கு இன்னொன்று. கோல்காப்பாளர் தனியே சுவரோரம்.

அவர் நிலைமை வேறு. முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதைக் கோலாக்கினால் தோளில் தூக்குவார்கள். 7.32 மீற்றர் அகலத்தைக் காத்து ஐந்து பந்துகளைத் தடுத்தவர் ஆறாவதை விட்டால் வசைதான். நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் வசைபாடினேன்.

இப்போது பயிற்சி முடிந்ததும் தடுத்த பந்து, தக்க நேரத்தில் கொடுத்த குரல், ஓடி மூடிய இடைவெளி என்று குறிப்பிட்டுப் பாராட்டுகிறேன். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாதீர்கள். அவருடைய போன வார ஆட்டத்தோடு ஒப்பிடுங்கள். உளவியலாளர்கள் டெசியும் ரயனும் ஊக்கத்துக்கு அடிப்படையாகச் சொல்பவை மூன்று: தன்விருப்பு, திறனுணர்வு, உறவு. எதிரணி முன்கள வீரரை ஓப்சைட்டில் சிக்கவைக்கப் பின்வரிசை ஒன்றாக முன்னேறும் ஓப்சைட் பொறிக்கு எப்போது முன்னேறுவது என்பதைப் பின்களத்தாரே முடிவெடுக்கட்டும் என்று விட்டேன். நான் கத்தியபோது வராத குரல் அன்று அவர்களுக்கு வந்தது.

மாதம் ஒருமுறை இடம் மாற்றி ஆடவிடுங்கள். வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மட்டும். எங்கள் நட்சத்திர முன்கள வீரர் கோலில் நின்று பத்து நிமிடத்தில் நான்கு கோல் வாங்கினார். மறுநாள் சுவரோரம் இரண்டு கதிரைகள் கிடந்தன.