பிளேமொபில் பொம்மையும் 1974 என்ற எண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிளேமொபில் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், பாதத்தில் அதைத் தயாரிக்கும் நிறுவனமான 'ஜியோப்ரா'வின் பெயரும் 1974 என்ற ஆண்டும் பொடி எழுத்தில் இருப்பது தெரியும். இந்த ஜெர்மானியப் பொம்மையைப் பற்றி உலவும் பிழைகளில் பல, அந்த ஓர் எண்ணிலிருந்தே கிளைத்தவை.

அதைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. பழைய பொம்மை என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்துப் பணத்தை இழக்கச் செய்வதும் இதுதான். அது வடிவமைப்புக்கான பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து வார்க்கப்பட்டவற்றிலும் அதுவே பொறிக்கப்பட்டது. ஆகவே பாதத்தை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். தொடக்ககாலப் பொம்மைகளில் உள்ளங்கை தனியே சுழலாது. சுழலும் கை 1982-இல்தான் வந்தது என்பதால், விற்பவர் என்ன சொன்னாலும் கை சுழலும் பொம்மை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தொப்பியையும் முடியையும் வைத்து வயதைக் கணிக்கக் கூடாது, அவை எளிதில் கழற்றி மாட்டக்கூடியவை.

நிறுவனமே 1974-இல் பிறந்தது என்று எழுதுவோரும் உண்டு. ஆந்திரியாஸ் பிராண்ட்ஷ்டேட்டர் 1876-இல் ஜெர்மனியின் ஃபியூர்த் நகரில் பெட்டிகளுக்கான அலங்காரப் பட்டைகளும் பூட்டுகளும் செய்யத் தொடங்கிய தொழில் இது. 1921-இல் அருகிலுள்ள சிர்ண்டோர்ஃபுக்கு இடம்பெயர்ந்து, 1950-களில் பிளாஸ்டிக்குக்கு மாறி, 1958-இல் இடுப்பில் சுழற்றும் ஹூலா வளையமும் விற்றது.

எண்ணெய் நெருக்கடியால் உருவான பொம்மை என்பது பாதி உண்மை. வடிவமைப்பாளர் ஹான்ஸ் பெக் 1971-லேயே வேலையைத் தொடங்கிவிட்டார். உரிமையாளர் ஹோர்ஸ்ட் பிராண்ட்ஷ்டேட்டருக்குத்தான் அதில் பெரிய ஆர்வம் இல்லை. 1973-இல் எண்ணெய் விலையுடன் பிளாஸ்டிக்கின் விலையும் ஏறி, பெரிய பொருள்களை வார்ப்பது கட்டுபடியாகாமல் போனபோது, ஏழரை சென்டிமீட்டர் உயரமே உள்ள பெக்கின் பொம்மை அவர் கண்ணில் பட்டது. சிறிதளவு பிளாஸ்டிக் போதும். ஒரே உடலுக்கு உடையையும் கருவியையும் மாற்றினால் புதிய சரக்கு தயார். கவசம் அணிந்த இடைக்கால வீரர் (நைட்), அமெரிக்கப் பூர்வகுடி, கட்டடத் தொழிலாளி என்ற மூன்று வகைகளுடன் 1974-இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சிக்கு அது வந்தது.

லெகோ கட்டைகளுடன் வரும் சிறு மனிதப் பொம்மையைப் பார்த்துச் செய்த நகல் என்ற பேச்சுக்கு ஆண்டுக்கணக்கே பதில்: லெகோவின் கை கால் அசையும் மனிதன் வந்தது 1978-இல். மூக்கில்லாத அந்தப் புன்னகை முகத்தை, குழந்தைகள் வரையும் படங்களைப் பின்பற்றியே பெக் அமைத்தார்.

விற்றுத் தீர்ந்ததெல்லாம் அரிய பொருள் என்று எண்ணி விலையேற்றி வாங்குவதும் தவறே. 2015-இல் வெளியான, ஜெர்மானியக் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பொம்மை 72 மணி நேரத்தில் 34,000 விற்று இருப்புக் காலியானது; ஆனால் நிறுவனம் மேலும் மேலும் வார்த்ததில், சில ஆண்டுகளில் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.