முதலில் செல்பேசியைப் பையில் போடுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை ஒருவர், மாணவிகள் வரிசையில் நின்றதும் விசிலுக்கு முன் செல்பேசியை எடுத்தார். என் கை தானாக நீண்டு அதைப் பிடுங்கியது. காரணத்தையும், மாணவிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய மற்ற தவறுகளையும் கீழே எழுதியிருக்கிறேன். ஷூ, தண்ணீர், வார்ம்-அப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேட்காமல் படம் பிடிப்பது

2019இல் என் மாலை உடற்பயிற்சி வகுப்புக்கு முப்பது பேர் வந்தார்கள்; பாதிக்கு மேல் முஸ்லிம் மாணவிகள். ஆண்கள் எட்டிப்பார்க்க முடியாத உள்ளரங்கம். புர்காவை மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டுமாகக் குதித்தார்கள். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக் கோப்புக்கு, எடுத்த இடம் பதிவான (ஜியோடேக் செய்த) படம் வேண்டும் என்று அலுவலகம் நச்சரித்தது. எடுத்துக் கொடுத்தேன். கோப்போடு நின்றிருக்க வேண்டிய படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து யாருடைய ஸ்டேட்டஸிலோ ஏறி, மறுநாள் ஒரு மாணவியின் அத்தா (அப்பா) கண்ணில் பட்டது.

அந்த வாரம் வந்தவர்கள் ஏழு பேர். ‘இவர்கள் வீட்டில் விடமாட்டார்கள்’ என்று ஆசிரியர் அறையில் தலையசைத்துக்கொண்டோம். அந்த மாணவியே வந்து சொன்னாள்: “இந்த வகுப்புக்கு ஷூ வாங்கித் தந்ததே அத்தாதான், மிஸ். நீங்கள்தான் கேட்காமல் எடுத்துவிட்டீர்கள்.”

முப்பது பேரைத் திரும்பச் சேர்க்க இரண்டு பருவங்கள் ஆயின. அந்தப் படத்துக்கு யாரும் மதிப்பெண் கொடுத்ததாகவும் தெரியவில்லை. கோப்புக்குப் படம் வேண்டுமா? விரித்த பாய்களைப் படமெடுங்கள். மாணவிகளின் முதுகுப்புறம் என்றாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூச்சிரைப்பைச் சோம்பல் என்பது

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எந்த மதத்துக்கும் இதில் விலக்கில்லை. இரண்டாம் சுற்றிலேயே உட்காருகிறவளைத் திட்டும் முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிராமுக்குக் கீழ் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதல் நாளே 150 நிமிடக் கணக்கைப் பேசுவது

வாரத்துக்கு அவ்வளவு நேரம் உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சரிதான். நான்கரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளிடம் பத்து நிமிடம் கேளுங்கள், தருவாள்.

ஹிஜாபைத் தடையாகப் பார்ப்பது

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமே 2017இல் அனுமதித்துவிட்டது. ஹிஜாபில் குத்தும் குண்டூசி மட்டும் வேண்டாம்.

ரமலானில் வகுப்பைப் பூட்டுவது

ஓட்டத்தை நிறுத்துங்கள், வகுப்பை அல்ல. எந்த நேரம் தோதுப்படும் என்பதை நோன்பாளிகளிடமே கேளுங்கள்.